கிரீனாகத்தான் இருக்கும்

கிரீனாகத்தான் இருக்கும். இந்த நேரத்தில் இந்த வண்டிக்கு இந்த ஸ்டேஷனில் என்றைக்குமே கிரீன்தான் கொடுப்பார்கள், கொடுக்காமல் என்ன செய்வார்கள், வண்டி நிற்கிற ஊரா இது, இரண்டு வேப்ப மரத்தையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் தவிர பிளாட்பாரத்தில் என்ன இருக்கிறது, ஆடு மேய்க்கிறவன்கூட இந்த வண்டியைத் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை, கிரீன்தான், சொல்லிவிடலாம். வன்னியபெருமாள் இப்படித் தன் மனசுக்குத் தானே சிபாரிசு செய்துகொண்டிருந்தபோது வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. விருதுநகர் தாண்டியாயிற்று. மத்தியான வெயில் கரிசல் காட்டின் மேல் கொட்டிக் கிடந்தது. தண்டவாளம் இரண்டும் ஒன்றாகச் சேருவது மாதிரித் தெரிகிற கோடியில் ஒரு வெளிச்சப் புள்ளி. புள்ளி தெரிந்தது. அது அணையாமல் எரிகிறது என்பதும் தெரிந்தது. என்ன நிறம் என்பதுதான் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் உதவி டிரைவர் செண்பகலதா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சொல்லேன், தாயே, சொல்லேன். வாய் திறக்கவில்லை. எஞ்சினில் இரண்டு பேரை உட்கார வைத்திருப்பதே இதற்குத்தான். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் கையை நீட்டிக் காட்டி அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். மனசுக்குள் பார்த்துக்கொண்டேன் என்றால் செல்லாது, ரயில்வேக்கு மனிதர்களின் மனசு மேல் நம்பிக்கை கிடையாது, அது நியாயம்தான், இந்த மனசை யார் நம்புவார்கள். புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது. இனிமேலும் சும்மா இருந்தால் அவளுக்குச் சந்தேகம் வரும். ஸ்டேஷன் வாயிலில் நிற்கிற இந்தச் சிக்னலுக்கு ஹோம் என்று பெயர். வன்னியபெருமாள் கையை நீட்டினார். "ஹோம் கிரீன்." அவளும் கையை நீட்டினாள். "ஹோம் கிரீன் சார்." கிட்டே வந்ததும் கம்பத்தில் மூன்று விளக்கில் மேல் விளக்கு எரிவது தெரிந்தது. மேலே பச்சை, நடுவே மஞ்சள், அடியில் சிவப்பு. நிறம் போனாலும் இடம் இருக்கிறது, கிட்டே போனால் இடத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கிட்டே போய்த் தெரிந்துகொண்டு என்ன பிரயோசனம், இந்த வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் வேண்டுமே. சிவப்பு வருவதற்கு முன்னால், டிஸ்டன்ட் என்கிற முந்தின கம்பத்தில், எச்சரிக்கையாக ஒரு மஞ்சள் வரும்தான், அந்த மஞ்சளும் அவருக்கு இதே புள்ளிதானே. வேப்ப மரம் இரண்டும் சடாரென்று பின்னால் போயின. ஆடு மேய்க்கிறவன் இன்றைக்கும் தலை நிமிரவில்லை. வன்னியபெருமாளின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்வின் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. போன வாரம்வரை அவன்தான் இவருக்கு உதவி டிரைவர். தொண்டையா அது, கோயில் கொடைக்குக் கட்டின ஸ்பீக்கர். சிக்னல் புள்ளியாகத் தெரிவதற்கு முன்பே "டிஸ்டன்ட் கிரீன்!" என்று கத்திவிடுவான். மெதுவாச் சொல்லுடா, நான் என்ன அடுத்த வண்டியிலயா இருக்கேன் என்று இவர் திட்டுவார். திட்டிக்கொண்டே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார், அது அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னதை இவர் திருப்பிச் சொன்னார், யார் முதலில் சொன்னால் என்ன, சட்டப்படி இரண்டு பேரும் சொன்னார்கள். அவனுக்குப் பதவி உயர்வு வந்து பயிற்சிக்குப் போய்விட்டான். போகிற அன்றைக்குக் காலில் விழுந்தான். நல்லா இரு என்று சொன்ன வாய்க்குப் பின்னால் மனசு, என் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு போகிறாயே படுபாவி என்றது. எப்போது ஆரம்பித்தது இது? தீபாவளிக்குத்தான் தெரிய வந்தது. மகள் வயிற்றுப் பேரன் கலர் மத்தாப்புக் குச்சி கொளுத்தினான். தாத்தா, இது செகப்பு, தாத்தா, இது பச்சை. இரண்டும் ஒரே அழுக்கு நிறமாக எரிந்தன. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று நேரே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார். கடைக்காரன் பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து அவர் முன்னாலேயே கொளுத்தினான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும், நல்ல பச்சையாத்தானே எரியுது அண்ணாச்சி என்றார்கள். ஆமாம் ஆமாம் என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார். சிரித்தார், அதுதான் கொடுமை. வருகிற வழியில் ஒரு வீட்டுக் கொடியில் புடவை காய்ந்தது, வாசலில் செம்பருத்தி பூத்திருந்தது, எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தார், இலைக்கும் பூவுக்கும் வித்தியாசம் வடிவத்தில்தான் இருந்தது. அப்புறம் தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க ராஜபாளையம் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, முதலில் நிறம் போகும், மெல்ல மெல்ல மற்றதும் போகும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள் என்றார். என்ன வேலை என்று கேட்டதற்கு ஜவுளிக்கடை என்று சொல்லி வைத்திருந்தார். அப்படீன்னா சேலைக்குக் கலர் சொல்ல ஒரு ஆளை வச்சுக்குங்க என்று டாக்டர் தமாஷ் பண்ணினார். வைத்துக்கொண்டார். அந்த ஆளுக்குத்தான் போன வாரம் பதவி உயர்வு.

லெவல் கிராசிங் வந்தது, கை தானாகப் போய் ஹாரனை அழுத்தியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர், இரண்டு பைக், ஒரு குழந்தை கை ஆட்டியது. கைக்கு எல்லாம் தெரியும், காதுக்கும் தெரியும், எந்தப் பாலத்தில் சத்தம் மாறும், எந்த வளைவில் பெட்டிகள் முனகும் என்று உடம்பே ஓட்டிவிடும், கண் ஒன்றுதான் காலை வாருகிறது. அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை. புள்ளி புள்ளியாகக் கோலம் போட்ட மாதிரி ஒரு புத்தகத்தைப் பிரித்து நீட்டுவார்கள், அந்தப் புள்ளிகளுக்குள் என்ன எண் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மதுரையில் சொல்லி வைத்து அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டார். எந்தப் பக்கத்தில் என்ன எண் என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார், இந்த வயசில், பத்தாவது பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. சொல்லிக் கொடுக்கிறது மனைவி சீனியம்மாள். அவளிடம் என்னவோ பதவிக்கான பரீட்சை என்று சொல்லி வைத்திருக்கிறார். அவள் சமையல் வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டுவாள். "இதுல என்ன கஷ்டம், எட்டுன்னு பட்டவர்த்தனமா எழுதியிருக்கே" என்பாள். அவருக்கு முறத்தில் கொட்டின மல்லி விதைதான் தெரியும். எட்டு, எட்டு, மூலை மடங்கின பக்கம் எட்டு. எட்டு என்று சொன்னதும் அவள் சந்தோஷப்படுவாள். அவளை ஏமாற்றுகிறோமே என்பதுகூட அவ்வளவாக உறுத்தவில்லை, அவள் கண் அவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாள் அவள் மேல் ஆத்திரம் வந்தது. கருமம். பாசிப்பயறில் கல் பொறுக்குகிறவளுக்கு எதற்கு அவ்வளவு நிறம்? உண்மையைச் சொல்லிவிட்டால்தான் என்ன? சோறு போடாமல் விட்டுவிட மாட்டார்கள். ஒரு நாற்காலி கொடுப்பார்கள். இருளப்பனுக்குக் கொடுத்தார்களே. இருளப்பன் இவரோடு சேர்ந்தவன், ஓட்டத்தில் புலி, கண் போய் எஞ்சினிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது டூட்டி ஆபீசில் உட்கார்ந்து, வருகிற டிரைவர்கள் குடித்திருக்கிறார்களா என்று மிஷினில் ஊதச் சொல்கிறான். இன்றைக்குக் காலையிலும் அவன் முன்னால்தான் ஊதினார். ஊதி முடித்ததும் இருளப்பன் அவர் தோளில் தட்டி, எந்த வண்டி, எந்த எஞ்சின், மழை பெஞ்சு தண்டவாளம் வழுக்குதா என்று விசாரித்தான், பசித்தவன் அடுத்தவன் வீட்டுச் சாப்பாட்டை விசாரிக்கிற மாதிரி. அந்த நாற்காலியில் என்னை உட்கார வைக்காதே சாமி என்று கும்பிட்டுவிட்டு இவர் எஞ்சினில் ஏறினார். வயசு ஐம்பத்து நாலு. எஞ்சினை எடுத்துவிட்டால் வன்னியபெருமாள் என்று மிச்சம் என்ன இருக்கிறது, சர்க்கரை வியாதிக்காரன் ஒருத்தன்தான் மிச்சம்.

அடுத்த ஸ்டேஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பெண் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்பதற்குக் காரணம் விருதுநகரில் டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. அவளே சொன்னாள். திண்டுக்கல் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு டிரைவரோடு போனாளாம், அவருக்கு முன்னால் சிக்னலைச் சொல்லிவிட்டாளாம். ஏம்மா, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு, நீங்க சொல்லித்தான் தெரியணுமா என்று அவர் வண்டி ஊர் போய்ச் சேரும்வரை குத்திக் காட்டிக்கொண்டே வந்தாராம். ஆபீசிலும் போய், வந்த இடத்தில் அடக்கம் வேண்டாமா என்று பேசியிருக்கிறார். அதிலிருந்து பெரியவர்கள் சொன்ன பிறகுதான் சொல்வது என்று வைத்துக்கொண்டாளாம். எங்கேயோ ஒருவன் தன் கௌரவத்துக்காக அவள் வாயை அடைத்துவிட்டுப் போய்விட்டான், அந்த அடைப்பு இங்கே வந்து என் கழுத்தை நெரிக்கிறது. அவள் மேல் தப்பில்லை. இரண்டு பிள்ளைக்குத் தாய், மரியாதை தெரிந்தவள், தண்ணீர் பாட்டிலைக்கூட முதலில் அவரிடம் நீட்டிவிட்டுத்தான் குடிக்கிறாள். ஆனால் திருப்பிச் சொல்கிறாளே, பார்த்துவிட்டுத்தானே சொல்கிறாள்? நான் தப்பாகச் சொன்னால் திருத்துவாள் அல்லவா? அந்த நினைப்பு வந்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்படித் திருத்துவாள் என்றால் பாதகமில்லை, இவர் எதையாவது சொல்லட்டும், அவள் கண் காவல் இருக்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். வேகத்தைக் குறைக்கிற பக்கமாகத் தப்புச் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை. கோடியில் புள்ளி தெரிந்தது. வழக்கப்படி கிரீனாகத்தான் இருக்கும். வன்னியபெருமாள் கையை நீட்டி, "ஹோம் எல்லோ" என்றார். வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தார். வரட்டும், இல்லை சார் கிரீன் என்று வரட்டும், அவளுக்குக் கோடி புண்ணியம். கொஞ்சம் பிந்தி வந்தது. "ஹோம் எல்லோ சார்."

கம்பம் கிட்டே வந்தது. மேல் விளக்கு எரிந்தது. பச்சை. மேல் விளக்குத்தான், சந்தேகமே இல்லை, அது தலைக்கு மேலாகக் கடந்து போகிறவரை பார்த்தார். அவள் பார்க்கவில்லையா? தூங்குகிறாளா? குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சரியாப் பாத்தியாம்மா என்று கேட்டார். செண்பகலதா சங்கடப்பட்டாள், துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அப்புறம் சொன்னாள்: "எனக்கு கிரீன் மாதிரித்தான் சார் இருந்துச்சு. நீங்க எல்லோன்னீங்க. வெயில்ல நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்னு நெனச்சேன்." பார்த்திருக்கிறாள். நன்றாகப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை விழுங்கிவிட்டு இவர் குருட்டுக் கண்ணை நம்பியிருக்கிறாள். தூங்கியிருந்தால்கூடத் தேவலை, எழுப்பிவிடலாம், இதை எப்படி எழுப்புவது? நாளைக்குச் சிவப்பைப் பார்த்து நான் கிரீன் என்றால் இவளும் கிரீன் சார் என்பாள், நான் அவள் சொன்னதால் சரி என்று போவேன், அவள் நான் சொன்னதால் சரி என்று வருவாள், இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு சட்டப்படி போய் முன்னால் நிற்கிற வண்டியின் முதுகில் ஏறுவோம். நாளைக்கு என்ன நாளைக்கு, இன்றைக்கு, இன்னும் கொஞ்ச நேரத்தில். இந்த எஞ்சினில் கண்ணே இல்லை. பின்னால் இருபது பெட்டி வருகிறது. விருதுநகரில் பிளாட்பாரத்தோரம் பார்த்தார், கல்யாணக் கூட்டம் ஒன்று ஏறியது, பெண்ணின் தலையில் இன்னும் அட்சதை ஒட்டிக்கொண்டிருந்தது, வாழைத்தாரைப் பெட்டிக்குள் ஏற்றுவதற்குள் அவ்வளவு சிரிப்பு. அவர்கள் எல்லாம் இப்போது சாப்பிட்டு முடித்து ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருப்பார்கள். ஓட்டுகிறவன் பார்த்துக்கொள்வான் என்று தூங்குவார்கள். அப்படி எத்தனை வண்டி, எத்தனை தூக்கம்? மத்தாப்பு கொளுத்தினதிலிருந்து இன்று வரைக்கும் நான் கடந்து வந்த சிக்னலில் நானாகப் பார்த்தது ஒன்றாவது உண்டா? செல்வினுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்திருந்தால்? செல்வின் ஒரு தடவை தும்மியிருந்தால்? ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒரு சமாதானமா? சிவப்பு எப்படி இருக்கும் என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். சீனியம்மாளின் கூறைப்புடவை, சிவப்புத்தான், சிவப்பு என்கிற சொல்தான் வந்தது, நிறம் வரவில்லை. நினைவிலும் அது வெளுத்துவிட்டதா? அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழுதால் இருக்கிற பார்வையும் கலங்கும் என்று அடக்கிக்கொண்டார்.

ஒரே ஒரு வழி இருந்தது, அது எளிதாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டால் போயிற்று. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளைப் பார்க்காமல், முடிந்தவரை சாதாரணமாகச் சொன்னார், இனிமே சிக்னலை நீங்களே முதல்ல சொல்லுங்கம்மா. அவள் முகம் சுருங்கிவிட்டது. குத்திக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டாள், எல்லோவுக்கும் கிரீனுக்கும் இப்போது நடந்த கூத்துக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டாள். "வேணாம் சார், மனசுல வச்சுக்காதீங்க. நீங்க சீனியர், நீங்களே சொல்லுங்க" என்றாள். இல்லம்மா, நெசமாத்தான் சொல்றேன் என்றார். அவள் தலை குனிந்துகொண்டாள். இதற்கு மேல் ஒரு வார்த்தைதான் பாக்கி, கண் தெரியவில்லை என்கிற வார்த்தை, அதைச் சொன்னால் எல்லாம் முடிந்தது, சொல்லாவிட்டாலும் எல்லாம் முடியும். ஒரு வேளை அவள் சம்மதித்தாலும்தான் என்ன? திருநெல்வேலி வரைக்கும் இவள் கண்ணில் ஓட்டலாம், நாளைக்கு யாரோ ஒருவன் கண்ணில், அதற்கு அடுத்த நாள் இன்னொருவன் கண்ணில், எட்டு எட்டு என்று பொய்யைப் படித்துப் பரீட்சையிலும் தேறி, வருகிறவன் வாயைப் பார்த்து வண்டி ஓட்டலாம். அவன் வாய் அடைபட்டவனா, பயந்தவனா, தூங்குமூஞ்சியா என்று ஒவ்வொரு நாளும் கும்பிட்டுக்கொண்டு ஏறலாம். ஓய்வு பெறுகிற வரைக்கும். மாலை போட்டு, வேட்டி துண்டு கொடுத்து, விபத்தில்லாமல் ஓட்டியவர் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சு இப்போதே காதில் கேட்டது, குமட்டிக்கொண்டு வந்தது. கானல் தண்டவாளத்தின் மேல் நெளிந்தது. கானலுக்குள் ஒரு புள்ளி.

கிரீனாகத்தான் இருக்கும். மனசு உடனே ஆரம்பித்துவிட்டது, வெட்கம் கெட்ட மனசு, அதற்கு எத்தனை செருப்படி கொடுத்தாலும் அடுத்த கம்பத்தில் வந்து நிற்கும். டிஸ்டன்ட்டும் கிரீன் என்றுதானே சொன்னோம், அவளும் சொன்னாளே. சொன்னாள், சொன்னாள். நான் சொன்னதைச் சொன்னாள். புள்ளி அங்கேயே எரிந்தது, பச்சையாகவும் இருக்கலாம், சிவப்பாகவும் இருக்கலாம், அது பாட்டுக்குத் தன் வேலையை நேர்மையாகச் செய்துகொண்டிருந்தது. அவள் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பார்கள், சிக்னல் என்னவென்று சரியாகத் தெரியாவிட்டால் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். விளக்கு அவிந்திருந்தாலும் சரி, பனி மூடினாலும் சரி, மரக்கிளை மறைத்தாலும் சரி. கண் மறைத்தால் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதை எழுத வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள், அவனே சொல்வான் என்று நினைத்திருப்பார்கள். அவர் கையை நீட்டவில்லை. கை பிரேக் கைப்பிடிக்குப் போயிற்று, பின்னால் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடித்துக்கொண்டு முனகின, எஞ்சின் அடிவயிற்றிலிருந்து ஒரு கதறல் எழுந்தது, வேகம் செத்துக்கொண்டே வந்து, ஸ்டேஷனுக்கு வெளியே சோளக்காட்டு நடுவில், சிக்னலுக்கு வெகு தூரத்திலேயே வண்டி நின்றுவிட்டது.

செண்பகலதா முன்னால் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி முன்னால் பார்த்தாள். "சார், கிரீன் சார்" என்றாள். "ஹோம் கிரீன்தான் சார் இருக்கு." இப்போதும் கைப்பிடியைத் தள்ளினால் போதும், வெயிலில் கண் கூசிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. ஜன்னல்களில் தலைகள் முளைக்க ஆரம்பித்திருந்தன. வாக்கி டாக்கியில் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டின் குரல் வந்தது, டிரைவர் சார், என்ன ஆச்சு, ஏன் நின்னுட்டோம், ஸ்டேஷன்ல கிரீன் குடுத்தாச்சுங்கிறாங்களே, சிக்னல் எரியலையா என்று கேட்டது. வன்னியபெருமாள் அதை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார். இருளப்பனின் நாற்காலி தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி தெரிந்தது. "சிக்னல் நல்லாத்தான் எரியுது" என்றார். "எனக்குத்தான் அது என்ன கலர்னு தெரியல. இனிமே நான் ஓட்டக் கூடாது. வேற டிரைவரை அனுப்பச் சொல்லுங்க."

நீங்க சொன்னது சரியாக் கேக்கல, திரும்பச் சொல்லுங்க என்றார் கார்டு. கேட்டிருக்கும், நன்றாகவே கேட்டிருக்கும். திரும்பச் சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. மனசு லேசாகும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது, அப்படி ஒன்றும் ஆகவில்லை, இருந்த ஒன்றும் போய்விட்டது, அவ்வளவுதான். சோளக்காட்டில் காற்று சரசரத்தது.

"எத்தனை நாளா சார்?" என்று செண்பகலதா கேட்டாள்.

அவர் வாக்கி டாக்கியை அதன் இடத்தில் வைத்தார். அவள் எழுந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கிட்டே வந்து, அவர் கை இன்னும் இருந்த பிரேக் கைப்பிடியின் மேல் தன் கையை வைத்து, வண்டி நகராதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வன்னியபெருமாள் தன் கையை எடுத்துவிட்டார்.